சம்பளக் கட்டத்தில் ஒரு சைபர்

முப்பது வருடம் டெக்சஸ் மாநில அரசு அலுவலகம் ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்தேன். அடுத்தவர் கேட்கும் விலையைக் குறைப்பது என் வேலை. அரசாங்கத்துக்குக் கம்ப்யூட்டர் ஆட்களை அனுப்பும் கம்பெனிகள் விலை எழுதி அனுப்பும். ஏன் இவ்வளவு என்று நான் ஒரு வரியில் கேட்பேன். பதினாறு பக்கத்தில் பதில் வரும். கடைசியில் மணிக்கு ஒரு டாலர் குறையும். ஓய்வு பெற்ற அன்று என் சேவையைப் பாராட்டி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதில் என் பெயரில் ஓர் எழுத்து தவறு. திருத்திக் கேட்க ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவத்தை வடிவமைத்தவனே நான் என்பதால், அதை நிரப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

டாலஸ் பக்கம் காப்பெல் என்ற ஊரில் எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று, பங்குச்சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்று. நான் எதிலும் சேராமல் படிவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கோயில் சாப்பாட்டு வரிசையில் கையில் தட்டோடு நின்றால் யாராவது பக்கத்தில் வந்து, "அங்கிள், ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிப்பார்கள். சின்ன சந்தேகம் தயிர்சாதம் வரைக்கும் வரும். அர்ச்சனைச் சீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு ஜன்னல் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி என் மனைவி சொன்னாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் இடம் எங்கே போதும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்ததை மறைக்க விரும்பவில்லை.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் மதுரைக்கார நண்பர். ஊரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்து நாலு வயதில், மகள் போட்ட கிரீன் கார்டில் மனைவியோடு பக்கத்து ஊரான இர்விங் வந்து சேர்ந்தார். அப்பா பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடப்பார் என்று மகள் நினைத்திருந்தாள். மூன்றாவது மாதமே அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பக்கத்துக் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகம் ஒன்றில் சொத்து வரிக் கணக்கு கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள், மீதிப்பேர் உயிரோடு இல்லை. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள், டிபன் பாக்ஸோடு ரயிலில் வந்து இறங்கியபோது கவுண்டிக்காரர்கள் கிட்டத்தட்ட மாலை போட்டு வரவேற்றார்கள். அரசாங்கம் அவரை நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை. ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் சம்பளப் பட்டியலில் அவர் இருந்தார். கம்பெனி கவுண்டிக்கு பில் அனுப்பியது.

நண்பரிடம் வங்கிப் பழக்கம் ஒன்று உண்டு. எந்தக் காகிதத்தையும் சம்பந்தப்பட்டவரின் இனிஷியல் இல்லாமல் ஃபைலில் போட மாட்டார். ஒரு தடவை என் வீட்டு ஏணியை இரவல் வாங்கிப் போனார். திருப்பிக் கொடுக்கும்போது, "ஏணி பெறப்பட்டது" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வந்து என்னிடம் இனிஷியல் வாங்கிக்கொண்டார். எனக்கு அவரை அன்றே பிடித்துப்போய்விட்டது.

ஆறு வருடம் அப்படி ஓடியது. பிறகு கவுண்டி புதிதாக டெண்டர் விட்டது. கம்பெனி அவரிடம் இரண்டு வழி சொன்னது. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை என் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

கவுண்டி அவருக்காகக் கொடுப்பது மணிக்கு எண்பது டாலர். அதற்குமேல் போகக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு. நண்பர் அதை எட்டால் பெருக்கி அறுநூற்று நாற்பது என்று நாள் கூலியாக வைத்துக்கொள்வார். மணிக்கணக்கில் கூலி வாங்குவது அவருக்கு என்னவோ போல் இருந்தது. இனி கம்பெனி சொன்னது: எங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருந்தால் ஒரு நாளைக்கு நானூற்று நாற்பது. நீங்களே ஒரு கம்பெனி வைத்து எங்களுக்கு பில் அனுப்பினால் ஐந்நூற்று இருபது.

"எண்பது டாலர் சும்மா தர்றாங்களா சார்?" என்று கேட்டார்.

இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. டீயை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

சம்பளம் வாங்குகிறவரிடம் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு பென்ஷனுக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஏழு புள்ளி ஆறு ஐந்து பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு தன் பங்காகக் கட்ட வேண்டும். பேரோல் டாக்ஸ் என்று இதற்குப் பெயர். முதலாளி அதைத் தன் பையிலிருந்து கட்டுவதாக நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான விலைப்பட்டியல்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலாளி பங்கு என்று ஒன்று கிடையாது. அரசாங்கம் அறுநூற்று நாற்பது என்று மேலே கோடு போட்டுவிட்டால், இரண்டு பங்கும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இடம் தேட வேண்டும். கம்பெனி தன் லாபத்தை நகர்த்தி இடம் கொடுக்காது. அந்த ஆளின் நாள் கூலிதான் நகரும். நண்பருக்குக் கொடுப்பதாகச் சொன்ன எண்பதில் பாதி, கம்பெனி இனிமேல் கட்டவேண்டியிருக்காத வரியும் காப்பீடும். மீதி, அவருக்கு லீவு, விபத்து, அலுவலகத் தொந்தரவு எதற்கும் தாங்கள் பொறுப்பில்லை என்பதற்கான விலை. சொந்தமாக பில் போடுகிறவர் இரண்டு பங்கு வரியையும் தானே கட்ட வேண்டும். ஐந்நூற்று இருபதில் அது கிட்டத்தட்ட எழுபத்து மூன்று.

"அப்ப எண்பதுல ஏழுதான் மிச்சம்" என்றார் நண்பர்.

அது அப்படி இல்லை, சம்பளத்தில் இருந்தாலும் முப்பத்து மூன்று போகும், ஆகவே கைக்கு வருவதில் நாற்பது கூடும் என்று விளக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆள் இல்லை நான். மூன்றாவது வழி ஒன்று உண்டு. கம்பெனியை ஒரு குறிப்பிட்ட வகையில் பதிந்துகொண்டால், உரிமையாளர் தனக்குத்தானே ஒரு சம்பளம் போட்டுக்கொண்டு மீதியை லாபமாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்துக்குத்தான் இந்த வரி. லாபத்துக்கு வருமான வரி மட்டும்தான். சம்பளம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நியாயம் என்றால் எவ்வளவு என்று அது சொல்லவில்லை. இந்த இடைவெளியில் டாலஸ் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் குடியிருக்கிறார்கள்.

லேப்டாப்பில் ஒரு ஷீட் போட்டேன். மூன்று வரிசை. மூன்றாவது வரிசையில், அதிகபட்சம் எவ்வளவு மிச்சமாகும் என்று காட்டுவதற்காக, சம்பளக் கட்டத்தில் சைபர் போட்டேன். வரிக் கட்டமும் சைபர் ஆனது. நாள் கூலி ஐந்நூற்று இருபதும் முழுசாக வலது ஓரத்தில் வந்து நின்றது. ஒரு பைசா ஒழுகவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது என் மனைவி தோசைக்கு மேசையைக் காலி செய்யச் சொன்னாள். நண்பர் பிரிண்ட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு இனிஷியல் போட்டுடுங்க சார், ஃபைலுக்கு."

போட்டேன். தேதியும் போட்டேன். தேதி போடாத இனிஷியல் செல்லாது என்று அவருக்கு ஒரு சின்னப் பாடமும் எடுத்தேன்.

அடுத்த நாலு வருடம் நான் கோயிலில் பெரிய மனிதனாக நடமாடினேன். பேரோல் டாக்ஸைச் சைபருக்குக் கொண்டுவந்த அங்கிள் என்று என்னை இளைஞர்களிடம் அறிமுகப்படுத்தினார்கள். நான் அடக்கமாக, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, விதியைப் படித்தால் யாருக்கும் தெரியும் என்பேன். நண்பரும் சந்தோஷமாக இருந்தார். பார்க்கும்போதெல்லாம் வேலை எப்படி என்று விசாரிப்பேன். கட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை.

சென்ற வருடம் கவுண்டி ஒருவழியாகப் புதிய புரோகிராமுக்கு மாறியது. டிசம்பரோடு நண்பரின் ஒப்பந்தம் முடிந்தது. கேக் வெட்டினார்கள். அவருக்கு ஜூனில் அறுபத்தைந்து ஆகிறது. அவர் மனைவிக்கு ஆகஸ்டில். அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. மாடியில் இருக்கும் அபார்ட்மென்ட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். அறுபத்தைந்தில் மெடிகேர் வந்ததும் அறுவை சிகிச்சை என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இப்போதைய காப்பீட்டில் தங்கள் கையிலிருந்து போகும் தொகை பெரிது, மகள் தருகிறேன் என்கிறாள், வாங்க மாட்டேன் என்பது இந்த அம்மாவின் பிடிவாதம்.

இங்கே ஒரு விதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனும், மெடிகேரில் மாதக் கட்டணம் இல்லாத மருத்துவமனைக் காப்பீடும் வேண்டுமானால் நாற்பது புள்ளி சேர்த்திருக்க வேண்டும். வரி பிடித்த சம்பாத்தியத்துக்கு வருடத்துக்கு நாலு புள்ளி. பத்து வருடம் உழைத்தால் நாற்பது. கணவருக்கு நாற்பது இருந்தால் அந்தக் காப்பீடு மனைவிக்கும் உண்டு. நண்பர் மிகச் சரியாகப் பத்து வருடம் உழைத்திருந்தார்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை போன் வந்தது. எப்போதும் சௌக்கியம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று விசாரிக்கவில்லை. மெடிகேருக்கு விண்ணப்பிக்கலாம் என்று வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். இருபத்து நாலு புள்ளி என்று காட்டுகிறதாம். கடைசி நாலு வருடத்துக்கு நேராகச் சைபர், சைபர், சைபர், சைபர்.

"நாலு வருஷம் ஒருநாள் லீவு போடலை சார். ஐஸ் பெய்ஞ்சப்பகூட வீட்லேர்ந்து லாகின் பண்ணேன். நான் வேலையே செய்யலேன்னு போட்ருக்கான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததை உடனே ஒப்புக்கொள்வது வேறு விஷயம். நேரில் வருகிறேன் என்றேன். காப்பெலிலிருந்து இர்விங் போகும் பதினைந்து நிமிடமும் நான் என் தரப்பு வாதத்தைத் தயார் செய்துகொண்டு ஓட்டினேன். மேசையின் அந்தப்பக்கம் உட்கார்ந்த கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் தயார் செய்துகொண்டு வந்திருப்பார்கள் என்பது பாதி வழியில் உறைத்தது.

போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். அந்த ஷீட் ஓர் உதாரணத்துக்காகப் போட்டது, சம்பளக் கட்டத்தில் அவர் தனக்கு ஒரு நியாயமான தொகையைப் போட்டுக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன், வருடாவருடம் வரிக்கணக்கு எழுதிக் கொடுத்தவராவது கேட்டிருக்க வேண்டும்.

"அவர் கேட்டார் சார்" என்றார் நண்பர். "சேலரி எவ்வளவுன்னார். ஷீட்டைக் காட்டினேன். ஓகேன்னுட்டார். நீங்க போட்ட கட்டத்தை நான் மாத்துவேனா?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவர் மனைவி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பச்சை நிற ஃபைல் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். பிளாஸ்டிக் உறைக்குள் என் ஷீட். கீழே என் இனிஷியல், தேதியோடு.

"இது உங்க கையெழுத்துதானேண்ணே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ஒப்பந்தப் பிரிவில் நான் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி அது, கிட்டத்தட்ட அதே மரியாதையான குரலில்.

எனக்கு வாய் உலர்ந்தால் விதி சொல்வேன். இதைத் திருத்தலாம், கவலைப்பட வேண்டாம் என்றேன். கம்பெனி கொடுத்த லாபத்தில் ஒரு பகுதி உண்மையில் சம்பளம்தான் என்று திருத்தி, பழைய வருடங்களுக்கு இப்போது வரி கட்டி, சம்பளச் சான்று அனுப்பினால் புள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கெடு உண்டு. சம்பாதித்த வருடம் முடிந்ததிலிருந்து மூன்று வருடம், மூன்று மாதம், பதினைந்து நாள். இந்த மாதிரி ஒரு கெடுவை நினைவில் வைத்திருப்பவன் டெக்சஸிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்ற பெருமை அந்த நிலையிலும் குரலில் எட்டிப்பார்த்தது. சொல்லிக்கொண்டே விரலை மடக்கினேன். முதல் வருடத்துக்கான கெடு ஏப்ரல் பதினைந்து. அன்றைக்குத் தேதி பிப்ரவரி பத்தொன்பது. ஐம்பத்தைந்து நாள். அந்த ஒரு வருடம் கைநழுவினால் முப்பத்தாறு புள்ளி. முப்பத்தாறுக்கு பென்ஷன் கிடையாது. காப்பீட்டை மாதாமாதம் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலையும் முடிந்துவிட்டது. அறுபத்தைந்து வயது கோபோல்காரருக்கு இன்னொரு கவுண்டி எங்கே காத்திருக்கிறது?

அந்த வாரமே ஒரு கணக்காளரைப் பிடித்தோம். இர்விங்கில் பிரியாணிக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் அலுவலகம். காயல்பட்டினத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். வரி இலாகா முன்னால் ஆஜராக உரிமம் வைத்திருக்கிறாள். நாலு வருடக் கணக்கையும் பத்து நிமிடத்தில் புரட்டினாள். ஷீட் வந்ததும் கை நின்றது.

"இது யாரு போட்டது அங்கிள்?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்மா" என்றார் நண்பர், என்னைப் பார்க்காமல்.

"அவரோட கான்டாக்ட்டை கட் பண்ணிடுங்க. ரொம்ப டேஞ்சரான ஆளு."

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஓர் ஓடு ஊறிப்போயிருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காத மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கூரையை எவ்வளவு நேரம் பார்ப்பது?

"நான்தான்மா" என்றேன்.

அவள் சங்கடப்படவே இல்லை. "அப்ப நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு லெட்டர் வேணும்" என்றாள்.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், தவறு எப்படி நேர்ந்தது என்று அதற்குக் காரணமானவர் எழுதிக் கொடுத்தால் உதவும் என்றாள். காரணமானவர் வீட்டுக்குப் போய் எழுதினார். முதல் கடிதம் இரண்டு பக்கம். "மேற்படி கட்டம் நிரப்பப்படாமல் விடப்பட்டது" என்ற பொருளில் அழகான ஆங்கிலம். அவள் அதைப் படித்துவிட்டு, "யாரு விட்டா அங்கிள்? பேயா?" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது கடிதத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதினேன். அதை அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. உண்மையில் மறக்கவில்லை. தோசைக்கு மேசையைக் காலி செய்தபோது அந்தக் கட்டத்தில் ஒரு தொகையைப் போட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. போட்டால் ஐந்நூற்று இருபது குறையும். முப்பது வருடம் ஒவ்வொரு டாலராகச் சுரண்டியவனுக்கு, எழுபத்து மூன்றை ஒரே அடியில் சுரண்டியதை உடனே கலைக்க மனம் வரவில்லை. அவருடைய நாள் கூலி, என்னுடைய ரெக்கார்ட். நாற்பது புள்ளி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, அவர் வயதைத் தெரிந்துவைத்திருந்தும்.

மூன்றாவது கடிதம் ஐந்து வரி. அந்தச் சைபரை நான்தான் போட்டேன், தவறு என்று தெரிந்தே விட்டுவைத்தேன், இவர் என்னை நம்பினார். அவள் படித்துவிட்டு ஸ்டேப்பிள் அடித்தாள்.

அடுத்து, சம்பளம் எவ்வளவு என்று போடுவது என்ற கேள்வி. இங்கேயும் என் புத்தி போகுமா? நாலு புள்ளி கிடைக்க வருடத்துக்குக் கொஞ்சம் காட்டினால் போதும், அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் போட்டால் வரி மிகக் குறையும் என்று மெதுவாகச் சொன்னேன். கணக்காளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நண்பர்தான் பதில் சொன்னார்.

"அந்தத் தொகையைப் பன்னெண்டால வகுத்துப் பாத்தேன் சார். இந்த ஊர்ல ஆபீஸ் பெருக்குறவரோட மாசச் சம்பளத்துக்குக்கூட அது காணாது. முழு நேரமும் மண்டையை உடைச்சிருக்கேன். மண்டைக்கு உண்டானதைப் போடுங்க."

மண்டைக்கு உண்டானதைப் போட்டாள். இரண்டு பங்கு வரி, வட்டி, அபராதம் என்று நீளமாக வந்தது. நாலு வருடமாக மிச்சம் பிடித்த பணத்தை நண்பர் ஒரு டாலர்கூடத் தொடாமல் தனிக் கணக்கில் வைத்திருந்தார், மனைவியின் முழங்காலுக்கு என்று. அதில் பெரும்பகுதி போயிற்று. "என் முட்டிக்கு வச்சிருந்த காசு சுத்திச் சுத்தி என் முட்டிக்கே வருது. வழியில வட்டி குடுத்திருக்கோம், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. அபராதத்தை நான் கட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. காசோலையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி எல்லாம் தயாரானது. தபாலில் ஒரு செட் போய்விட்டது. இருந்தாலும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் நேரில் ஒரு செட் கொடுத்து முத்திரை வாங்கினால்தான் தூக்கம் வரும் என்றார் நண்பர். எனக்கும் அப்படித்தான். அன்று பிற்பகல் ஆலங்கட்டி மழை வரும் என்று போனில் எச்சரிக்கை அலறிக்கொண்டே இருந்தது. நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன். நண்பர் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு என் காரில் ஏறி உட்கார்ந்தார். ஆறு ஃபைல்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் எண் வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் என் வயதை நெருங்கிய அமெரிக்கப் பெண். வேலையில் என்னைப் போல ஊறியவர் என்று பார்த்ததும் தெரிந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டு, வரியைக் குறைக்க முட்டிமோதுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், கூடுதலாகக் கட்டிவிட்டு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு சரியான கேள்வியைக் கேட்டார். இந்தப் பணம் அந்தந்த மாதத்தில் உண்மையிலேயே இவர் கைக்கு வந்ததற்கு என்ன அத்தாட்சி?

இதை நான் யோசித்திருக்கவில்லை. நண்பர் முதல் ஃபைலைத் திறந்தார். கம்பெனிக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குப் பணம் மாற்றிய சீட்டு, மாதத்துக்கு ஒன்று, நாற்பத்தெட்டு மாதமும். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஓர் இனிஷியல், தேதியோடு. யாருடையது என்று அந்தப் பெண் கேட்டார். தன் மனைவியுடையது, பணம் வந்துவிட்டதா என்று அவள் சரிபார்த்துப் போடுவாள் என்றார் நண்பர். அந்தப் பெண் ஒரு நிமிடம் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மொத்தத்தையும் வாங்கி நகலெடுத்து, முத்திரை குத்தி, தேதி போட்டு, இனிஷியல் போட்டுக் கொடுத்தார். நண்பர் கேட்காமலே போட்டார். வெளியே வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. என் காரின் கூரை முழுக்க எலுமிச்சம்பழ அளவில் பள்ளம். வண்டியை எடுத்தேன்.

ஜூலை வரை ஒரு பதிலும் இல்லை. அதுவரை என் மனைவி என்னைக் கோயில் சாப்பாட்டு வரிசையில் தனியாக நிற்க விடவில்லை. யாராவது "அங்கிள், ஒரு டவுட்" என்றால், "அங்கிள் ரிட்டயர் ஆயிட்டார்ப்பா" என்று அவளே பதில் சொல்லி அனுப்பினாள். வரி இலாகாவில் ஒரு வருடத்து அபராதத்தை மட்டும் முதல் தவறு என்பதால் தள்ளுபடி செய்தார்கள். அது எல்லோருக்கும் பொதுவான சலுகை. என் கடிதத்தை யாரும் படித்த அடையாளமே இல்லை. ஜூலை கடைசி வாரம் நண்பரின் கணக்கில் நாலு சைபர்களும் மறைந்து, நாற்பது என்று வந்தது.

அந்த அம்மாவுக்கு அக்டோபரில் வலது முழங்காலில் அறுவை நடந்தது. பார்க்கப் போனோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பறை வரை நடந்துவந்து, இடது காலுக்கு மார்ச்சில் தேதி என்றார். என் மனைவியிடம் ஊறுகாய் கேட்டார். நண்பர் இரண்டு மெடிகேர் கார்டுகளின் நகலையும் எனக்கென்று ஓர் உறையில் போட்டு வைத்திருந்தார். எனக்கெதற்கு என்றேன். "நீங்களும் ஒரு பார்ட்டிதானே சார், உங்க ரெக்கார்டுக்கு" என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு இனிஷியல் வாங்கினார்.

கிளம்பும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பழைய ஷீட்டை என்னிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். வேலைதான் முடிந்துவிட்டதே என்றேன். அலமாரியில் இருந்த பச்சை ஃபைலை ஒருமுறை பார்த்தார்.

"வரிக் காகிதம் ஏழு வருஷம் இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

சரி என்றேன். விதி அதுதான்.